பின்கதவுச் சாவி யாரிடம்?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் என் தாய்மாமாவின் துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். என்னைப் படிக்க வைத்தவர் அவர். கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். மாடியில் மூன்று பெண்கள் தைக்கிறார்கள். சோதனைக்கு அதிகாரிகள் வரக்கூடும் என்று தெரிந்ததும், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயரை மாமா எழுதிவிட்டார். பின்வழியில் அடுக்கிய பெட்டிகளை அன்றைக்கு மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். திருட்டுப் பயத்தால் பின்கதவு பூட்டியே இருக்கும். சாவி மாமாவிடம், மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். மற்றபடி குறையில்லை. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? மாமாவைக் காட்டிக்கொடுக்காதே என்று அம்மா அழுகிறார்.

பதில்: தம்பி, "மற்றபடி குறையில்லை" என்று எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? அதற்கு முந்தைய வரியைத் திரும்பப் படியுங்கள். மூன்று பெண்கள் மாடியில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்கதவில் பூட்டு. சாவியோ மாமாவின் வீட்டில்.

அந்தப் பழைய கடைவீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். மாடித் தளமும் படிக்கட்டும் மரம். இருபுறமும் கூரைவரை துணி. முன்பக்கம் தீப்பிடித்தால் அந்த ஒரு கதவுதான் வழி. மாமா கைகழுவி எழுந்து வந்து திறக்கும்வரை புகை காத்திருக்குமா?

மாநகர் மன்ற அதிகாரி லைசென்ஸையும் கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று மாமா கணக்குப் போட்டிருக்கலாம். ஊழியர் பாதுகாப்பைப் பார்ப்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. அதற்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலிருந்தே சில்லறைக் கடைகளுக்கும் பொருந்தும். 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. வெளியேறும் வழியை அடைத்தால் தீயணைப்புத் துறையும் தனியாக நோட்டீஸ் கொடுக்கலாம். ஒருங்கிணைப்பாளருக்கென்று பயிற்சி இருக்கிறது, உங்களை அனுப்பினாரா? பெயரை உங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

தாய்மாமன் தகப்பனுக்குச் சமம். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் கடையில் ஓர் உயிர் போனால் நீதிமன்றத்தில் நிற்கப்போவதும் அவர்தான். அவரை அந்த நிலைக்கு வரவிடாமல் தடுப்பது மருமகனின் கடமை; உங்கள் அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். படிக்க வைத்த நன்றிக்கடன் உங்களுடையது. தையல் வேலைக்கு வந்த பெண்களின் உயிரைப் பணயம் வைத்து அதை அடைக்க யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது? அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார்.

நாளைக் காலை கடை திறப்பதற்கு முன் மாமாவிடம் தனியாகப் பேசுங்கள். வேலையாட்கள் முன்னால் வேண்டாம். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கவும், வெளியிலிருந்து திறக்க முடியாதபடியும் பூட்டுகள் கிடைக்கின்றன. திருட்டுப் பயத்துக்கும் அதுவே போதும். அது பொருத்தப்படும்வரை, ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் பின்கதவில் பூட்டுத் தொங்கக்கூடாது. எடுத்த பெட்டிகள் திரும்ப அங்கே வரக்கூடாது. மறுத்தால், ஒருங்கிணைப்பாளராக இருக்க முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அன்றே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பின்கதவைப் பற்றிச் சொல்லுங்கள். அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே அவரைப் பின்பக்கம் அழைத்துப் போங்கள்.