ஸ்டஃப்பிங் அடைத்த வான்கோழி வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். இந்தத் தடவை தேங்க்ஸ்கிவிங் விருந்து எங்கள் வீட்டில், 12 பேர் வருகிறார்கள். கடையில் ஸ்டஃப்பிங் (ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி கலந்த பூரணம்) அடைத்தே வான்கோழி விற்கிறார்கள். வாங்கலாமா? அல்லது முந்தின நாள் புதன்கிழமை ராத்திரியே நானே அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஓவனில் கடைசியாகச் சூடேறுவது வான்கோழியின் வயிற்றுப் பகுதிதான். அங்கே அடைத்த ரொட்டி, பச்சைக் கறியின் சாற்றைக் குடித்து ஊறியிருக்கும். தோல் பொன்னிறமாகி, தொடைக்கறி வெந்த பிறகும் ஸ்டஃப்பிங்கின் நடுவில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்கலாம். முந்தின இரவே அடைத்தால் ஃப்ரிட்ஜின் குளிர் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவே நேரமாகும். கிருமிகள் பெருகுவது 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில்.

அடைத்து விற்கும் உறையாத வான்கோழியை வாங்காதீர்கள் என்றுதான் அமெரிக்க வேளாண் துறையும் சொல்கிறது. உறைந்ததாக, அத்துறையின் சோதனை முத்திரையோடு இருந்தால் வாங்கலாம். ஆனால் அதை உருகவிடக் கூடாது, உறைந்தபடியே ஓவனுக்குள் போக வேண்டும்.

வீட்டில்தான் அடைப்பேன் என்றால், வெங்காயம், செலரி வதக்கலை முந்தின நாளே செய்து தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரொட்டித் துண்டுகள் தனியே இருக்கட்டும். சாசேஜ், ஈரல் சேர்ப்பதானால் முதலிலேயே வேகவைத்துவிடுங்கள். அடைக்கும் நேரத்தில் கலந்து, வான்கோழியின் ஒரு பவுண்டு எடைக்கு முக்கால் கப் ஸ்டஃப்பிங் என்ற கணக்கில் தளர்வாக அடைத்து, உடனே ஓவனில் வையுங்கள். ஓவன் சூடு 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது.

பணம் செலவழிப்பதாக இருந்தால் தெர்மாமீட்டருக்குச் செலவழியுங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான். வான்கோழியிலேயே குத்தி வரும், கறி வெந்ததும் மேலே எழும்பும் பிளாஸ்டிக் பொத்தான், ஸ்டஃப்பிங் வெந்ததா என்று சொல்லாது. ஸ்டஃப்பிங்கின் நட்டநடுவில் 165 டிகிரி வர வேண்டும். கறி வெந்து ஸ்டஃப்பிங் வேகவில்லையென்றால் இன்னும் வேகட்டும், கறி கொஞ்சம் வறண்டாலும் பரவாயில்லை.

என்னைக் கேட்டால், தனி ட்ரேயில் பேக் செய்துவிடுவேன். மேலே மொறுமொறுப்பாக வரும். உங்கள் விருந்தாளிகளில் சைவர்கள் இருப்பார்களே! காய்கறி ஸ்டாக் (காய்கறி வேகவைத்து வடித்த சாறு) ஊற்றிச் செய்தால் அவர்களும் சாப்பிடலாம். வான்கோழிக்குள் வெந்ததை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஸ்டஃப்பிங்கை வான்கோழியின் வயிற்றுக்குள்ளேயே விட்டு வைக்காமல், சுரண்டியெடுத்து ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி வையுங்கள். 3, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.