மலையில் கண் ஏமாறும் இடங்கள்: கொடைக்கானல் கேள்வி பதில்

கேள்வி (பண்ணைக்காடு): ஐயா, கோக்கர்ஸ் வாக்கில் மாலை வெயில் முதுகில் அடிக்க நின்றபோது, எதிரேயிருந்த மூடுபனியில் பூதம் போன்ற நிழலும் அதன் தலையைச் சுற்றி வண்ண வளையமும் தெரிந்தன. அது என்ன?

பதில்: உங்கள் நிழல்தான். ஜெர்மனியின் புரோக்கன் மலையில் 1780ஆம் ஆண்டு சில்பர்ஷ்லாக் என்பவர் கண்டு விவரித்ததால் அதற்குப் 'புரோக்கன் பூதம்' என்ற பெயர் நிலைத்தது. வளையம் மாயை அன்று. பனியின் நுண்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பிச் சிதறடிப்பதால் அது உண்டாகிறது, கேமராவிலும் பதியும். நிழலின் பேருருவம்தான் மூளையின் கணக்குப் பிழை. நிழல் விழுவது அருகிலுள்ள பனியில். மூளையோ அதை அதே திசையில் மங்கலாகத் தெரியும் மலைச்சரிவின்மேல் வைத்துப் பார்த்து, அவ்வளவு தொலைவிலிருந்தும் இத்தனை பெரிதாகத் தெரிந்தால் ஆள் மலையளவு இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறது. அடுத்த முறை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: அவரவர் நிழலின் தலையில் மட்டுமே அவரவருக்கு வளையம் தெரியும்.

கேள்வி (பெருமாள்மலை): மழை விட்டதும் எதிர்மலை கிட்டே வந்துவிட்டதுபோல் இருப்பதும் இதனால்தானா?

பதில்: ஆம், அதுவும் தொலைவுக் கணக்குதான். காற்றிலுள்ள தூசும் ஈரமும் தொலைவிலுள்ளவற்றை மங்கலாக்குவதால், மங்கலாக இருந்தால் தூரம் என்று மூளை பழகியிருக்கிறது. மழை காற்றைக் கழுவிவிட்டால் அந்த அளவுகோல் பொய்த்துப்போகிறது.

கேள்வி (வத்தலக்குண்டு): வெள்ளி நீர்வீழ்ச்சியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால், பாறை மேலே ஏறுகிறதே?

பதில்: ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834ஆம் ஆண்டு எழுதிவைத்ததும் இதையேதான். கீழ்நோக்கிய அசைவை உணரும் நரம்பணுக்கள் தொடர்ந்து வேலை செய்து சோர்ந்துவிட, மேல்நோக்கிய அசைவுக்குரியவற்றின் கை ஓங்குகிறது. கூர்ந்து கவனித்தால் இன்னொன்றும் புலப்படும்: பாறை நகர்கிறது, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அசைவையும் இடத்தையும் மூளை தனித்தனியே கணிப்பதால் இந்த முரண் சாத்தியமாகிறது. அரை நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்து முடிப்பதற்குள் குரங்கு கைப்பையைத் தூக்காதிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி (பழநி): மலைப்பாதையில் சில இடங்களில் இறக்கம்போலத் தெரிகிறது, வண்டியோ திணறுகிறது. ஏன்?

பதில்: அடிவானம் மறைந்திருப்பதால், சரிந்த மரங்களையும் சாலையோரச் சுவரையும் வைத்தே கண் மட்டம் பார்க்கிறது, செங்குத்தான ஏற்றத்திற்குப் பின் வரும் மிதமான ஏற்றமும் இறக்கமாகத் தோன்றும். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைச் சாலையில் படுக்க வைத்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செய்யுங்கள்.