துப்பாக்கி கேள்வி-பதில்: யார் சொல்வதைக் கேட்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. துப்பாக்கியைப் பற்றிப் பேச ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் விவரம் தெரிந்தவர் யார்? கடிதம் வந்த வரிசையிலேயே பதில்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கற்றுத்தர ஒருவர் கிடைத்திருக்கிறார். மூன்று மாதத்தில் மாநிலப் போட்டிக்குத் தயார் செய்கிறேன், இப்போதே இரண்டு லட்ச ரூபாய் ரைஃபிள் வாங்கிவிடுங்கள் என்கிறார். நம்பலாமா? – ஒரு தாயார், கீழக்கரை

ரைஃபிளை இப்போது வாங்காதீர்கள். அடுத்தது, அந்த மூன்று மாத வாக்குறுதி. பொறுப்பான பயிற்சியாளர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். முதல் சில வாரங்கள் பிள்ளை பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் சிறு குண்டை, தொடவே தேவையில்லை. கால் வைக்கும் அகலம், இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, டிரிகரை நேர் பின்னால் அழுத்துவது, குண்டு போன பிறகும் ஒரு நொடி அசையாமல் நிற்பது, இவ்வளவையும் வெற்றுச் சுவரைப் பார்த்தே பழகலாம். போட்டி ரைஃபிளுக்கு விதிப்படி அதிகபட்ச எடை ஐந்தரைக் கிலோ. 12 வயதுப் பிள்ளைக்கு முதலில் ஸ்டாண்டில் தாங்கல் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். எடுத்தவுடன் நிற்கவைத்துச் சுடச் சொல்கிறவரிடம் விட்டால் முதுகுவலிதான் மிஞ்சும்.

சொல்லிக்கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். யாரும் சுடாத நேரத்தில் ஒவ்வொரு ரைஃபிளின் குழலுக்குள்ளும், அது காலி என்று காட்டும் நிறமான சேஃப்டி ஃபிளாக் கயிறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு தெரிய வேண்டும். அது இல்லாத ரேஞ்சில் வேறெதையும் விசாரிக்க வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கிப் படியுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். பயிற்சியாளர்களுக்கு டி, சி, பி, ஏ என்ற வரிசையில் உரிமம் தருகிறது. நடுவர்களுக்கும் பி, ஏ என்று உரிமம் உண்டு. "பி லைசென்ஸ் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது எந்த பி என்று கேளுங்கள். போட்டி விதி தெரிந்தவர் எல்லாருக்கும் பிள்ளைகளைப் பயிற்றத் தெரிந்திருக்காது.

பிறகு அவருடைய மாணவர்களின் ஸ்கோரைக் கேளுங்கள். 60 குண்டு, ஒரு குண்டுக்கு 10.9 வரை, தசமக் கணக்கில் அதிகபட்சம் 654. தேசிய அளவில் முன்னணியில் நிற்கிறவர்கள் 625-க்கு மேல் போகிறார்கள். எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எத்தனை என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். "நம்ம பசங்க எல்லாரும் சூப்பரா அடிப்பாங்க" என்பது பதில் ஆகாது.

பின்னாளில் பழைய வெளிநாட்டு ரைஃபிள் வாங்க நேர்ந்தால் ஏர் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் பொருள் அது. பெரும்பாலான போட்டி ரைஃபிள் நிறுவனங்கள் அதற்கு 10 ஆண்டுதான் ஆயுள் தருகின்றன. தேதியைப் பார்க்காமல் விலை பேசுகிறவர் உங்களுக்காகப் பேசவில்லை.

கேள்வி: 12 போர் துப்பாக்கி என்றால் குழல் 12 மி.மீ. தானே? எங்கள் ஊர்ப் பெரியவர் அப்படித்தான் சொல்கிறார். – ராமேசுவரம் வாசகர்

இல்லை, சுமார் 18.5 மி.மீ. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகளில் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது கணக்கு. அதனால் எண் குறையக் குறையக் குழல் அகலமாகும். .410 என்ற வகை மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அங்குல அளவு.

கேள்வி: எந்த ரைஃபிள் நல்லது? – பரமக்குடி வாசகர்

யாருக்கு, எதற்கு, எத்தனை மீட்டரில், எவ்வளவு பணத்தில்? நான்கில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறவரை நம்பாதீர்கள். எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

கேள்வி: எங்க மச்சான் ஒருத்தர்தான் தெருவுக்கே துப்பாக்கி நிபுணர். அவரோட ஏர் ரைஃபிள் 1200 அடி வேகம் போகுமாம், லைசென்சும் வேண்டாமாம். அவர் சொல்ற பெல்லட்டைத்தான் எல்லாரும் வாங்குறோம். சரியா? – தொண்டி வாசகர்

வேகத்தை வைத்து ரைஃபிளையும், ரைஃபிளை வைத்து ஆளையும் எடை போடும் இந்தப் பழக்கம் ஒழிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் மச்சான் சொன்ன இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ. அளவையும் சக்தி 20 ஜூலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். சாதாரண ஈய பெல்லட் 8.2 கிரெய்ன், அதாவது சுமார் 0.53 கிராம். அது நொடிக்கு 900 அடி போனாலே சக்தி 20 ஜூலைத் தொட்டுவிடும். 1000 அடி போனால் சுமார் 25, 1200 அடி என்றால் சுமார் 35 ஜூல். ஆகவே அவர் சொல்லும் வேகம் உண்மையென்றால் அது உரிமம் வேண்டிய ஆயுதம், உரிமம் வேண்டாதது என்பது உண்மையென்றால் அந்த வேகம் பொய். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க வழியில்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 18 ஜூல் தரும் ஸ்பிரிங் ரைஃபிள் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் வகை) ஈய பெல்லட்டை 850 அடி வேகத்தில் தள்ளும். அதே ரைஃபிளில் ஐந்து கிரெய்ன் அளவுள்ள அலாய் பெல்லட்டைப் போட்டால் 1000 அடியைத் தாண்டும். பெட்டியின்மேல் அச்சடிப்பது இந்த இரண்டாவது எண்ணை. அதைப் படித்துவிட்டு எடை குறைந்த பெல்லட்டையே தொடர்ந்து போட்டால், பிஸ்டனுக்கு முன்னால் நிற்க வேண்டிய காற்று மெத்தை போதாமல், பிஸ்டன் முட்டி முட்டிச் சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். பெல்லட் போடாமலே ஸ்பிரிங் ரைஃபிளைச் சுட்டால் வரும் கேடும் இதுவேதான். போதாக்குறைக்கு, வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால், நம் வெயிலுக்கு அது சுமார் 1150 அடி, இடுப்பு குறுகிய அந்தச் சின்ன பெல்லட் ஆடத் தொடங்கிக் குறி சிதறும். ஒலிம்பிக் 10 மீட்டர் ரைஃபிள் சுமார் 570 அடி வேகத்தில்தான் சுடுகிறது, எட்டு ஜூலுக்குள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த வகை ரைஃபிளில்தான்.

விவரம் தெரிந்தவரிடம் வேகத்தைக் கேட்டால் மூன்று எண்ணைச் சேர்த்துச் சொல்வார்: பெல்லட்டின் எடை, குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் பத்துக் குண்டின் சராசரி, அந்தப் பத்தில் அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவதுதான் அவருக்கு முக்கியமாக இருக்கும். வித்தியாசம் ஐந்து பத்து அடிக்குள் இருந்தால் ரைஃபிள் ஆரோக்கியமாக இருக்கிறது. ஐம்பது அடி என்றால் சீலோ ஸ்பிரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பெல்லட் வாங்கும்போதும் வேகத்தைப் பேச மாட்டார். 4.49, 4.50, 4.51 என்ற தலை அளவுகளில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, உங்கள் குழலுக்கு எது ஒரே இடத்தில் விழுகிறது என்று சுட்டுப் பார்க்கச் சொல்வார். ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பெல்லட் ஒத்துப்போகலாம். தெரு முழுக்க ஒரே டப்பா வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: கடற்காற்றில் ஏர் ரைஃபிள் துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்கிறார் நண்பர். – மண்டபம் வாசகர்

ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா (உயர் அழுத்தக் காற்றை முன்பே சிலிண்டரில் அடைத்து வைக்கும் வகை) என்று கேட்காமல் எண்ணெய் சொன்ன நண்பருக்கு இந்த விஷயம் தெரியாது. ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றறைக்குள் எண்ணெய் போனால் அழுத்தத்தில் சூடேறித் தீப்பிடிக்கும். டப்பென்ற சத்தமும் புகையும் வரும். ரைஃபிளுக்குப் பலம் கூடிவிட்டது என்று அதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு. உண்மையில் எரிவது சீல். பி.சி.பி.யில் இன்னும் மோசம்: உயர் அழுத்தக் காற்றும் எரியும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிப்பு அபாயம். அங்கே தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கோன் கிரீஸ் தவிர எதுவும் கூடாது.

தேங்காய் எண்ணெயை வெளியே பூசினாலும் நாளடைவில் சிக்கெடுத்துப் பிசினாக ஒட்டும், உப்புத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ இரண்டு சொட்டு, பழைய பனியன் துணியில். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் இரும்பு முழுக்கத் துடைக்க வேண்டும், ஏனென்றால் கை வியர்வையிலும் உப்புதான். ஃபோம் வைத்த பெட்டியிலும் ரெக்சின் உறையிலும் பூட்டி வைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஐப்பசி மழை முடிந்து திறந்தால் ஃபோம் தொட்ட இடமெல்லாம் செம்புள்ளியாக இருக்கும். மர அலமாரியில் நிறுத்தி, சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை அதை வெயிலில் காய வையுங்கள். குழலின் உட்புறத்துக்கு ஃபெல்ட் துண்டு, பிரீச் பக்கமிருந்து, அதாவது குண்டு போடும் பின்பக்கமிருந்து. வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டால் குழல்வாய் விளிம்பு தேயும், பிறகு எந்த பெல்லட்டும் நேரே போகாது.

கேள்வி: தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி பரண்மேல் கிடைத்தது. காகிதம் எதுவும் இல்லை. பழம்பொருள்தான், லைசென்ஸ் தேவையில்லை, ஒரு தோட்டா போட்டுப் பார்க்கலாம் என்கிறார் விவரம் தெரிந்த ஒருவர். – சாயல்குடி வாசகர்

அவர் விவரம் தெரிந்தவர் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழமையான ஆயுதத்துக்கு விலக்குத் தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்த முடியாது என்றிருந்தால்தான். தோட்டா போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னதிலேயே அவர் பேச்சை அவரே முறித்துவிட்டார். உரியவர் இறந்த பிறகு வாரிசு காலதாமதம் செய்யாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உங்கள் பெயருக்கு உரிமம் கேட்பது அதற்கப்புறம்.

முதலில் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். தோட்டா உள்ளே இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சுடவே கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பழைய 12 போர் பலவற்றின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் அறை, 65 மி.மீ. இன்று கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. சுடாத தோட்டா உள்ளே சரியாகப் போய்விடும், ஆனால் சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். விவரம் தெரிந்தவர் இந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் முதலில் குழலை மடக்கித் திறந்து காலியா என்று பார்ப்பார். பிறகு அழுத்தச் சோதனையில் தேறியதைக் காட்டும் புரூஃப் முத்திரையையும் சேம்பர் நீளத்தையும் தேடுவார். குழலில் அலை அலையாக டமாஸ்கஸ் வரி (இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த பழைய குழலின் அடையாளம்) தெரிந்தால் சுடும் பேச்சையே விட்டுவிடுவார்.

கேள்வி: முன்னாள் ராணுவத்தினர் என்றால் நம்பலாம்தானே? – உச்சிப்புளி வாசகர்

பாதுகாப்புப் பழக்கத்தில் பெரும்பாலும் நம்பலாம், அது அவர்கள் உடம்பில் ஊறியது. போட்டிச் சுடுதலில் தனியாக விசாரியுங்கள். 2004 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும் 2012 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ராணுவத்தினர்தான், ஆனால் அவர்கள் போட்டிச் சுடுதலுக்கென்றே பல ஆண்டு பயிற்சி எடுத்தவர்கள். என்ன ஆயுதம் பிடித்தார் என்று கேட்காதீர்கள். எதை, யாருக்கு, எவ்வளவு காலம் கற்றுக்கொடுத்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: ஏர்கன்னில் கொக்கு, மயில் அடிக்கலாமா? லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கிதானே? – முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து

கூடாது. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்றால் வேட்டைக்கு அனுமதி என்று அர்த்தமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கவண்கல்லுக்கும் பொருந்தும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பறவை அடித்த படத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறவரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

கேள்வி: ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போன அட்டையின் படத்தை ஒருவர் காட்டுகிறார். இதை நம்பி அவரிடம் சேரலாமா? – திருப்புல்லாணி வாசகர்

எத்தனை மீட்டர், நின்றா, மேசையில் சாய்த்து வைத்தா, எத்தனை அட்டையில் இது ஒன்று? அன்றைய 60 குண்டையும் வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். ரைஃபிள் அட்டையில் பத்தாம் வட்டம் அரை மி.மீ. புள்ளிதான், ஆனால் பெல்லட்டின் விளிம்பு தொட்டாலே கணக்கு. அதனால் பெல்லட்டின் நடு இரண்டரை மி.மீ. விலகினாலும் 10.0 கிடைக்கும். 10.9 வேண்டுமென்றால் கால் மி.மீ.க்குள் விழ வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து பேசுகிறாரா பாருங்கள். கெட்டுப்போன குண்டைக் காட்டி, "இங்கே டிரிகரை இழுத்துவிட்டேன், கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் பக்கம் போனது" என்று காரணம் சொல்கிறவரிடம் தாராளமாகச் சேரலாம்.

கேள்வி: மொட்டை மாடியில் பழகலாமா? காற்று கொஞ்சம் அதிகம். – பாம்பன் வாசகர்

பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதல் கேள்வி. குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். அட்டைக்குப் பின்னால் சுவர் கட்டாயம். அதற்கு முன்னால், மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்த மூன்று மி.மீ. இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும், குண்டு கீழ்நோக்கித் தெறித்து அதற்குள்ளேயே விழும். பாம்பன் காற்றில் பத்து மீட்டரிலேயே பெல்லட் பல வட்டம் தள்ளிப்போகும். ஸ்கோர் பழக அது உதவாது, நிலையையும் டிரிகரையும் மட்டும் பழகுங்கள், அல்லது வீட்டுக் கூடத்தில் பத்து மீட்டர் நீளம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பெட்டியில் சேரும் ஈயத் தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக்கூடாது.