ப்ளஸ் பக்கத்தைப் பாருங்கள்: வீட்டு மின்வேதியியல் கேள்வி பதில்

கோவையில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் பல வருடம் தொட்டி பார்த்துக்கொண்டவன் நான். இப்போது மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் நாலு கம்பியும்தான் பட்டறை. வந்த கேள்விகளைப் படித்ததும் ஒன்று புரிந்தது. எல்லோரும் முலாம் ஏறும் மைனஸ் பக்கத்தையே உற்றுப் பார்க்கிறீர்கள். வம்பு பெரும்பாலும் ப்ளஸ் பக்கத்திலிருந்துதான் வரும்.

இரும்புச் சாவியை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டேன். பேட்டரி இணைக்கும் முன்பே செம்பு நிறம் வந்துவிட்டது. துடைத்தால் அப்படியே கையோடு வருகிறது. ஏன் சார்?

அது முலாம் இல்லை, ஆள் மாற்றம். இரும்பு கரைந்து வெளியேற, அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது. உட்காரும் தரையே அடியில் அரிக்கப்படும்போது எப்படிப் பிடிக்கும்? பட்டறையில் இரும்புக்கு முதலில் நிக்கல் போடுவார்கள், அல்லது சயனைடு கலந்த செம்புத் தொட்டியில் மெல்லிய படலம் ஏற்றுவார்கள். சயனைடு வீட்டுத் தெருவுக்கே வரக் கூடாது. நீங்கள் பித்தளைச் சாவி எடுத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம், பாத்திர சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால்தான் தொட்டிக்குத் தயார். கழுவிய பிறகு விரலால் தொட்டீர்களானால் மறுபடி முதலிலிருந்து.

அண்ணா, நான் பித்தளையில்தான் செய்தேன். ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜரை அறுத்து இணைத்தேன். கறுப்பும் பழுப்புமாகத் தூள் படிகிறது, குமிழி வேறு.

அவசரம்தான் காரணம். பட்டறையில் இதைக் 'கருகிப்போச்சு' என்போம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு ஆம்பியரிலிருந்து மூன்று ஆம்பியர் வரை போதும். ஒரு சாவியின் இரண்டு பக்கமும் சேர்த்து 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், 0.2 ஆம்பியரில் ஆரம்பிக்கலாம். சார்ஜரைத் தூக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு ஒன்றரை வோல்ட் செல்லால் முயன்று பாருங்கள்.

கணக்கு தெரிந்தால் பொறுமை தானாக வரும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.19 கிராம் செம்பு படியும். இதற்கு மேல் ஏறாது, குமிழி வந்தால் கொஞ்சம் குறையும். ஃபாரடே 1830களிலேயே கண்டுபிடித்துச் சொன்ன விதி இது. நான் சொன்ன அளவில் உங்கள் சாவிக்கு ஒரு மணி நேரத்தில் 13 மைக்ரான் ஏறும். தலைமுடியின் தடிமனை விடப் பல மடங்கு குறைவு. ஆனால் பளபளப்புக்கு அதுவே தாராளம்.

ப்ளஸ் பக்கம் என்ன வைத்தீர்கள் என்று எழுதவில்லை. செம்புத் தகடு வைத்தால் இங்கே படிவது அங்கே கரைந்து ஈடாகும், கரைசல் நீலம் மாறாது. டார்ச் செல்லின் கரிக்குச்சி என்றால் கரைசல் வெளிறிக்கொண்டே போகும். மோட்டார் காயில் கம்பி என்றால் மேலே உள்ள வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரன்ட் போகாது.

பாட்டி வைத்திருந்த அரிவாள்மனை துருப்பிடித்துக் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் வைத்து, ப்ளஸில் எவர்சில்வர் கரண்டி மாட்டி, பேட்டரி சார்ஜர் கொடுத்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது, தண்ணீரும் நிறம் மாறிவிட்டது. தொடரலாமா?

உடனே நிறுத்துங்கள் அம்மா. அந்த வாடை குளோரின். உப்பில் உள்ள குளோரைடு ப்ளஸ் பக்கத்தில் வாயுவாகிறது. நிறம் மாறியது அதைவிட மோசம்: எவர்சில்வரில் குரோமியம் உண்டு, அது ப்ளஸில் கரையும்போது நச்சு வடிவத்துக்கும் போகும், புற்றுநோய் வரவழைக்கும் வகை. அந்தத் தண்ணீரில் கை வைக்காதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் அடைத்து, பெயர் எழுதித் தனியாக வையுங்கள். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் அது போக வேண்டும்.

சரியான முறை சுலபம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடுவது. ப்ளஸில் கட்டட வேலையில் மிஞ்சிய சாதா இரும்புக் கம்பி, மைனஸில் அரிவாள்மனை. கம்பியைப் பார்த்திருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் நடுவில் திருப்பி வையுங்கள். மைனஸில் பொங்குவது ஹைட்ரஜன். நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1800-இல் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தபோது வந்த அதே வாயு. எனவே திறந்த வெளி, பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. கம்பியைத் தொடும் முன் சார்ஜரை அணையுங்கள். எடுத்ததும் கறுப்புப் படலத்தைத் தேய்த்துவிட்டு, துடைத்துக் காயவைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பூசலாம் என்றால் அதற்குள் துரு திரும்பியிருக்கும்.

அலுமினியப் பாத்திரத்தை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், கரைந்துபோகும்.

எலுமிச்சம்பழத்தில் போன் சார்ஜ் ஏறுமா?

ஏறாது. ஒரு பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தினால் ஒரு வோல்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், கரன்ட் ஒரு மில்லி ஆம்பியரைத் தொடுவதே கஷ்டம். மூன்று பழங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்இடி மங்கலாக எரியும். சக்தி பழத்தில் இல்லை, கரையும் துத்தநாகத்தில் இருக்கிறது. மிச்சப் பழத்தில் ஜூஸ் போடுங்கள். ஆணி குத்திய பழம் வேண்டாம்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வெள்ளிக் கொலுசைச் சுத்தம் செய்தால் வெள்ளி குறையுமா அண்ணா?

குறையாது. கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அலுமினியம் தான் கரைந்து, வெள்ளியைத் திரும்ப வெள்ளியாக்குகிறது. பாலிஷ் பொடியால் தேய்த்தால்தான் எடை போகும். லேசான அழுகிய முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கல் பதித்தது, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாடு, இரண்டுக்கும் இது ஆகாது.

பழைய மயில்துத்தக் கரைசலைச் செடிக்கு ஊற்றலாமா?

கூடாது. ஏன் ஊற்ற வேண்டும்? வடிகட்டி வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு நாரைப் போட்டு நீலம் முழுதாகப் போகும் வரை விடுங்கள். முதல் கேள்வியில் வம்பு செய்த அதே ஆள் மாற்றம் இங்கே உதவும். படியும் செம்புத் தூளை வடிகட்டிக் கழிவிலிருந்து பிரித்து வையுங்கள்.

கூல்டிரிங்க் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். நான் ஒரு முறை வைத்தேன். தம்பி மகன் நீல ஜூஸ் என்று மூடியைத் திறந்துவிட்டான். அவன் அம்மா தட்டிவிட்ட வேகத்தில் என் சட்டைதான் நீலமானது.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். இதையே படிக்க முடியுமா சார்?

காரைக்குடிக்குப் போய்ப் பாருங்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாகச் சிக்ரி, அங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கிறேன் மாமா. ஆசிட் இல்லாமல் ஏதாவது சொல்லுங்கள்.

வெள்ளைத் தாளை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவை. மருந்துக் கடையில் எப்சம் உப்பு கிடைக்கும், அதைக் கரைத்துத் தாளை மறுபடி ஈரமாக்கு. ஒன்பது வோல்ட் பேட்டரியின் ப்ளஸ் கம்பியைத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மைனஸ் கம்பியால் உன் பெயரை மெதுவாக எழுது. சிவப்பாக எழுத்து விழும். அங்கே காரம் உண்டாகிறது, அதுதான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது பார்த்திருப்பாய். எலுமிச்சைச் சாறு தொட்டால் எழுத்து அழிந்துவிடும்.

முடிந்ததும் ப்ளஸ் கம்பியைத் தூக்கிப் பார். செம்புக் கம்பி என்றால் அடியில் ஒரு பச்சைக் கறை இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு எழுது.