கறுப்பு ஆடும் வெள்ளாடும்

கேள்வி: நம் ஊரில்தான் போலீஸ் மாமூல் கொடிகட்டிப் பறக்கிறது. அமெரிக்காவில் காவல்துறைக்குள் ஒரு கறுப்பு ஆடு தென்பட்டால் உடனே பிடித்து வெளியே தள்ளிவிடுவார்களாமே?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் ஆட்டை முடித்துவிடுவோம். இந்தக் 'கறுப்பு ஆடு' வெள்ளைக்காரனோடு கப்பலேறி வந்தது. அவன் ஊர் மந்தை முழுக்க வெள்ளை. நடுவில் ஒன்று கறுப்பாகப் பிறந்தால் கண்ணை உறுத்தும். நம் ஊர் மந்தையில் கறுப்புக்கா பஞ்சம்? அந்தக் கறுப்பு ஆட்டுக்கு நாம் வைத்த பெயரோ வெள்ளாடு! கறுப்பு என்று வாயால் சொல்வது அமங்கலமாம். சுடுகாட்டை நன்காடு என்பதுபோல இதற்கும் 'மங்கலம்' என்று பெயர் சொல்லி, இலக்கண வாத்தியார் எங்களை மனப்பாடம் செய்யவைத்தார்.

மாமூலும் அந்த ரகம்தான். அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்த சொல். 'வழக்கமானது' என்று பொருள். லஞ்சம் என்றால் நாக்கு கூசும், மாமூல் என்றால் கூசாது. இதைக் 'கையூட்டு' என்றுதான் எழுத வேண்டும் என்று புலவர் ஒருவர் பதினைந்து வருடமாக எனக்குக் கார்டு போட்டுக்கொண்டிருக்கிறார். ஐயா, கையூட்டு காரியம் ஆவதற்குக் கொடுப்பது; மாமூல் காரியமே இல்லாவிட்டாலும் தவணை தவறாமல் கொடுப்பது. சந்தேகம் இருந்தால் ஒரு தள்ளுவண்டி போட்டுப் பாருங்கள்.

எங்கள் அலுவலக வாசல் டீக்கடைக்காரரின் கணக்கு நோட்டில் பால், சர்க்கரை, கேஸ் என்ற வரிசைக்குக் கீழே தினமும் 'மா. 50' என்று ஒரு வரி இருக்கும். போண்டாவுக்கு வாங்கிய மாவு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். போண்டா போடாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வரி இருந்ததால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். பிராங்க் செர்பிகோ என்று நியூயார்க்கில் ஒரு போலீஸ்காரர். 1966-ல் அவர் கைக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 300 டாலர், சூதாட்டக்காரர் உபயம். அவர் வாங்கிக்கொள்ளாமல் மேலதிகாரிகளின் படியேறிப் படியேறி ஓய்ந்தார். 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டுடைத்த பிறகுதான் மேயர் லிண்ட்சேக்கு விழிப்பு வந்து, விட்மன் நாப் என்ற வழக்கறிஞரின் தலைமையில் கமிஷன் போட்டார்.

அந்தக் கமிஷனின் 1972 அறிக்கையிலும் மேய்ச்சல்தான்! வாங்குகிற போலீஸ்காரர்களை அது புல் மேய்பவர்கள், இறைச்சி தின்பவர்கள் என்று இரண்டாகப் பிரித்தது. சைவ போலீஸ், அசைவ போலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசைவர் இரை தேடி வேட்டைக்குக் கிளம்புவார். சைவர் அப்பாவி, வழியில் கிடைக்கும் ஐந்து, பத்து, இருபது டாலரோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போவார். ஆனால் பெரிய வியாதி சைவர்தான் என்றது கமிஷன். அவர்கள் எண்ணிக்கையால்தான் வாங்குவது கௌரவமான செயலாகிறதாம்.

சூதாட்டத்தைப் பிடிக்க வேண்டிய மஃப்டி போலீஸ்காரர்களின் ஏற்பாடு இன்னும் அழகு. ஆளுக்கு மாதப் பங்கு மிட்டவுன் மன்ஹாட்டனில் 300, 400 டாலர், ஹார்லெமில் 1,500. புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது. நம்பத் தகுந்த ஆள்தானா என்று பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதப் பாக்கியை, அவர் மாறுதலாகிப் போகும்போது பைசா குறையாமல் கொடுத்து வழியனுப்புவார்கள். நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளி என் கிராஜுவிட்டிக்கு எத்தனை முறை நடக்கவைத்தார்! பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தை அவர் விடாமல் படிக்கிறார் என்று தெரியும்.

வெளியே போன ஆடு எது என்றுதானே கேட்டீர்கள்? செர்பிகோ. 1971 பிப்ரவரியில் போதைப்பொருள் சோதனை ஒன்றில் முகத்தில் குண்டு பாய்ந்து ஒரு காது கேளாமல் போனது. மறு வருடம் ஓய்வுபெற்று ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்துக்குரிய சான்றிதழ் கைக்கு வந்தது 2022-ல்.

இதை டீக்கடைக்காரரிடம் சொன்னேன். கிளாஸை அலம்பிக்கொண்டே, "ஐம்பது வருடமா? யாரையும் கவனிக்கவில்லை போலிருக்கிறது" என்றார்.