மதிய மேசைச் சண்டையும் என் சத்துணவுத் தட்டும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஹூஸ்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஒபாமாகேர் (ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்), வெல்ஃபேர் (ஏழைகளுக்கான அரசு உதவி), கறுப்பினத்தவர் என்று பேச்சு தொடங்கி மேசையே இரண்டு கட்சியாகிவிடுகிறது. சனிக்கிழமை தமிழ் நண்பர் வீட்டுக்குப் போனால், "நாம் வரி கட்டுகிறோம், சோம்பேறிகள் உட்கார்ந்து தின்கிறார்கள்" என்கிறார்கள். இதில் நான் எந்தப் பக்கம் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேசுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில், வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நீங்கள் 'இல்லை' என்றுதான் குறிக்க வேண்டும். கவனிக்காமல் 'ஆம்' என்று குறித்தால், குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் வந்து நிற்கும். தேர்தல் நன்கொடையும் கிரீன் கார்டு வரும்வரை கூடாது, சட்டம் தடுக்கிறது. கட்சிப் பற்று இருந்தால் அதை வாயோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். நான் 2001இல் வந்தவன். உங்கள் நண்பர்கள் சொல்வதை அவர்களைவிடச் சத்தமாகச் சொன்னவன். ஒருநாள் மதியம், "இரண்டு பெட்டியோடு வந்தோம், யாரிடமும் கை நீட்டவில்லை" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஓய்வு பெறும் வயதில் ஒரு கறுப்பினச் சக ஊழியர். மகளின் கல்லூரிக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர். "உன் பொறியியல் படிப்புக்கு எவ்வளவு கட்டினாய்?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி, மீதியை யார் கட்டினார்கள்?"

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அலுமினியத் தட்டை மணி அடிப்பதற்கு முன்பே பையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வேன். வீட்டில் ரேஷன் அரிசி. அரசுப் பள்ளி, இட ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் இடம், ஆண்டுக் கட்டணம் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. கடன் வாங்கியது விமான டிக்கெட்டுக்கு மட்டும்தான். அதைத்தான் சொந்தக் காலில் நின்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சக ஊழியர் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். லூசியானாவில் வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்துக் காலம் கழித்தவர். 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட், முதுமையில் ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இன்று "உழைத்தால் முன்னேறலாமே" என்று அவரிடம் நாம் சொல்கிறோம்!

அதனால் 'வெல்ஃபேர்' என்ற சொல்லை இங்கே அகராதி பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. 1976 தேர்தலில், பின்னாளில் அதிபரான குடியரசுக் கட்சிக்காரர் ரீகன், ஏகப்பட்ட பெயர்களில் உதவிப் பணம் வாங்கிய சிகாகோப் பெண் ஒருத்தியின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அவள் நிறத்தை அவர் சொல்லவில்லை. கேட்டவர்கள் அவர்களாகவே பூசிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல், கிளிண்டன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர்தான் அந்தப் பண உதவிக்கு வாழ்நாளில் ஐந்து ஆண்டு என்று வரம்பு வைத்த சட்டத்தில் கையெழுத்திட்டார். உணவு உதவி வாங்குவோரில் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவு வெள்ளையர்கள். மேசையில் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

அதே அரசுப் பணம் வேறு பெயரில் வந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஒபாமா சட்டம் விவாதத்தில் இருந்த 2009இல், தென் கரோலினாவில் ஒருவர் தம் தொகுதி உறுப்பினரிடம், என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் என்பதே 1965இல் அதிபர் ஜான்சன் காலத்தில் வந்த அரசுத் திட்டம். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் பங்குக்கு வருமான வரி கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது, முதலாளிகள் ஆள் பிடிக்கக் காப்பீட்டைக் கொடுத்தார்கள், அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரியும் ஒருவகை உதவித்தொகைதான். மாதம் முழுவதும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வாங்குகிறோம்.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பர் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர். பிடித்த காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா வாக்குக் கொடுத்தார். 2013இல் நண்பருடைய பழைய காப்பீடு ரத்தாகிக் கடிதம் வந்தது, புதியதன் பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மானியம் கிடைக்கும் வருமான வரம்பையும் அவர் தாண்டியிருந்தார். அவர் கோபத்தில் இனவெறி ஒன்றும் இல்லை, கணக்குதான் இருக்கிறது.

ஆனால் டெக்சாஸின் கணக்கையும் பாருங்கள். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை ஏழைப் பெரியவர்கள் அனைவருக்கும் விரிக்கச் சொன்னது ஒபாமா சட்டம். 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை. குழந்தையோ கர்ப்பமோ ஊனமோ இல்லாத, 65 வயதுக்குட்பட்ட பெரியவர் ஒருவர் இங்கே எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவருக்குத்தான் காப்பீடு வாங்க மானியம், கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இதுதான்.

உங்களுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியாகத் தெரியலாம். எனக்கும் தெரிந்தது, ஒருநாள் வேலை போகும்வரை. கிரீன் கார்டு கைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பழைய காப்பீட்டைக் கோப்ரா முறையில் தொடரலாம் என்றார்கள், அதற்கு நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து நானே கட்ட வேண்டும். வீட்டு வாடகையைவிட அதிகம். மகளுக்கு ஆஸ்துமா. இங்கே பிறந்தவள் என்பதால் குழந்தைகளுக்கான சிப் காப்பீடு கிடைத்தது. 1997இல் இரண்டு கட்சிகளும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம். ஏழு மாதம் அவளுடைய இன்ஹேலர் அந்த அட்டையில்தான் வந்தது. மருந்துக் கடையில் அட்டையை நீட்டும்போது பின்னால் யாராவது தமிழர் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். கோயிலில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஆகவே, பக்கம் எதுவாகவும் இருக்கட்டும். வந்த ஆறு மாதத்திலேயே இன்னொருவர் வெறுப்பை இரவல் வாங்காதீர்கள். மேசையில் சும்மா இருப்பதிலும் தவறில்லை. பேசினால், "சோம்பேறிகள்" என்று தொடங்குபவரிடம் எந்தத் திட்டம், யாருக்கு, எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு பேஸ்பாலுக்கு மாறிவிடும்.

போன மாதம் பேர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலில், வரி கட்டுவதைப் பற்றி எப்போதும் பொருமும் பழைய நண்பர் என்னைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மெல்லிய குரலில், "அப்பா கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடியப் போகிறது. இங்கே ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. மெடிகேரில் சேர்க்க முடியுமா?" என்று கேட்டார். 65 வயது ஆகிவிட்டதால் பிரீமியம் கட்டிச் சேரலாம் என்றேன். எந்த அலுவலகம், என்னென்ன காகிதம் என்று சொன்னேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.