பட்டியலில் 400 பெயர். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்காக வேலை செய்யும் சிறிய அமைப்பு எங்களுடையது. எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைப் பாதியில் விட்டவர்களை மீண்டும் சிகிச்சைக்குக் கொண்டுவர, ஓராண்டுத் திட்டத்துக்கு ஒரு கொடையாளர் நிதி தருவதாக அறிவித்திருக்கிறார். மருத்துவமனை கொடுத்த பட்டியலில் 400 பேர் இருக்கிறார்கள். '400 பேரையும் திரும்பக் கொண்டுவருவோம்' என்று எழுதலாமா? பட்ஜெட்டில் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: எழுதாதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை 400 பெயர்கள்தான். சிகிச்சையை விட்டவர்கள் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள்.

சிலர் யாரிடமும் சொல்லாமல் வேறு மையத்துக்கு மாறி அங்கே ஒழுங்காக மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். சிலர் இறந்திருப்பார்கள். ஒரே ஆள் இரண்டு பதிவு எண்ணில் இருப்பார். மருந்து வாங்கியும் பதிவேட்டில் ஏறாதவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் தேடிப்போன ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. 'காணாமல் போனவர்' என்று குறிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஒன்று இடம் மாறியவர்கள், இல்லை இறந்தவர்கள் என்பதையே அவை திரும்பத் திரும்பக் காட்டின.

அதனால் முதல் மாதத்தைப் பட்டியலைச் சலிப்பதற்கே ஒதுக்குங்கள். பதிவேட்டை மருந்தகப் பதிவு, காசநோய்ப் பதிவு, இடமாற்றக் கடிதங்கள், இறப்புப் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒரு கோப்புக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் 400-க்கு 100 மணி நேரம், அதாவது ஒருவருக்கு ஏறத்தாழ 13 வேலை நாள். இதற்குச் சம்பளம் கேட்காமல் விட்டால், களப்பணியாளர்தான் இரவில் உட்கார்ந்து பார்ப்பார். அரைகுறையாகத்தான் முடியும்.

யாரை 'விட்டவர்' என்று எண்ணுவது என்பதையும் விண்ணப்பத்திலேயே வரையறுத்துவிடுங்கள். கடைசியாக வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது; கையிலிருந்த மருந்து தீர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மூன்று மாத மருந்து வாங்கிப்போனவர் இரண்டு மாதமாக வரவில்லை என்றால் அவர் எதையும் விடவில்லை. அமெரிக்க அரசின் எச்.ஐ.வி. உதவித் திட்டமான பெப்ஃபார் 28 நாளை எல்லையாக வைக்கிறது. 90 நாள் என்று கொள்ளும் திட்டங்களும் உண்டு. கொடையாளர் எதைக் கேட்கிறாரோ அதையே எழுதி, கடைசி வரை மாற்றாதீர்கள். நடுவில் மாற்றினால் முதல் காலாண்டு எண்ணும் கடைசிக் காலாண்டு எண்ணும் ஒட்டாது.

வாக்குறுதியை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். '400 பெயருக்கும் இன்றைய நிலையைக் கண்டறிவோம்' என்பது முதலாவது. இது உங்கள் உழைப்பில் அடங்கியது. 'உண்மையில் மருந்தை விட்டவர் என்று உறுதியானவர்களில் இத்தனை சதவீதத்தினரை மீண்டும் மருந்தில் சேர்ப்போம்' என்பது இரண்டாவது. அந்தச் சதவீதத்தை முழுப் பட்டியலின் மேல் போட்டுவிடாதீர்கள். எந்த எண்ணின் மேல் சதவீதம் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் விவரம் தெரிந்த கொடையாளர் முதலில் பார்ப்பார்.

தேடும் வேலைக்கு வருவோம். தொடர்புகொள்ள முன்பே சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும்தான் போன், வீட்டுக்கு வரலாம் என்றவர்களுக்கு மட்டும்தான் நேரில். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று அழைப்பு. மூன்றும் காலை பத்து மணிக்கே என்றால் வேலைக்குப் போகிறவர் கிடைக்கவே மாட்டார். வேறு யாராவது எடுத்தால், "அவர்கிட்ட நேர்ல பேசணும், எப்போ கூப்பிட்டா இருப்பாரு?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மருத்துவமனையின் பெயரோ பிரிவோ வாயில் வரக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது அமைப்பின் பெயர் போட்ட வண்டி, பை, கழுத்து அட்டை எதுவும் வேண்டாம். பூட்டிய அலமாரி, கடவுச்சொல் போட்ட அலுவலகப் போன் இரண்டுக்கும் பட்ஜெட்டில் தனி வரி போடுங்கள். பணியாளரின் சொந்தப் போனில் நோயாளிகளின் பெயர்கள் கிடப்பது பெரிய ஆபத்து.

'ஆளைக் கொண்டுவந்தால் தலைக்கு இவ்வளவு' என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். வேறு மையத்தில் மருந்து எடுப்பவரையே இங்கே வரவழைத்து 'திரும்பியவர்' என்று கணக்குக் காட்டத் தோன்றும். மாதச் சம்பளமே சரி. எச்.ஐ.வி.யோடு வாழும் சகப் பணியாளர்களுக்கும் அதேதான். ஊக்கத்தொகை என்று சில்லறையைக் கொடுத்து முடிக்காதீர்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போனாலும் கூச்சப்பட வேண்டாம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் கோட்டை விடுவது திரும்பி வரும் அந்த ஒரு நாளில்தான். எட்டு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி வருகிறவரை, "இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டு, கவுன்சலிங்குக்கு வியாழக்கிழமை வரச்சொல்லி அனுப்பினால் அவரைத் தேட ஆன செலவு அத்தனையும் வீண். வாசலிலிருந்து மருந்து கைக்கு வரும்வரை கூடவே நிற்க ஓர் ஆள், வரிசையில் நிற்காமல் பார்க்கத் தனி நேரம், முடிந்தவரை அன்றைக்கே மருந்து. இந்த மூன்றுக்கும் மருத்துவமனையிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர் முற்றிய நிலையில் இருக்கக்கூடும். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தாலோ, நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் இருந்தாலோ பெரியவர்களுக்கு அதை முற்றிய எச்.ஐ.வி. நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைக்கே சிடி4 பரிசோதனையும், இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை பற்றிய கேள்விகளும் வேண்டும். சிடி4 குறைவாக இருந்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான பரிசோதனையும், பிற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் மட்டும் ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்கக் கூடாது; மூளைக்காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான். இந்தப் பரிசோதனைகளுக்கு யார் செலவு, கிட் தீர்ந்துபோனால் எங்கே வாங்குவது என்பதை முன்பே பேசி முடியுங்கள். பல நிதிகளில் மருந்து, கிட் வாங்க அனுமதி இருக்காது. விதிமுறையில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

ஒருமுறை விட்டவர் மறுபடியும் விடுவது முதல் மூன்று மாதத்தில்தான் எளிது. முதல் வாரம், இரண்டாம் வாரம், முதல் மாத முடிவு என மூன்று தொடர்பாவது வேண்டும். மருந்தை மீண்டும் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை. அதன் முடிவு வரவும் சில வாரம் பிடிக்கும். ஆகவே ஓராண்டுத் திட்டத்தில் எட்டாம் மாதத்தோடு இலக்குக் கணக்கை மூடிவிடுங்கள். அதற்குப் பின் வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களின் வைரல் லோடு முடிவை அறிக்கையில் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விட்டதற்கான காரணங்களும் ஒன்றுபோல் இருக்காது. பயணச் செலவு, வேலை நேரம், பக்கவிளைவு, குடி, வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம், உடம்பு நன்றாகிவிட்டதே என்ற எண்ணம். எல்லாருக்கும் ஒரே 'விழிப்புணர்வுக் கூட்டம்' போடுவதைவிட, பயணத்துக்கும் அவசரத் தேவைக்கும் சிறிய கைச்செலவு நிதி ஒன்று வைத்து, இரண்டு பேர் கையெழுத்தில் அன்றே கொடுக்கும்படி செய்யுங்கள். கூட்டத்துக்கான பேனர் செலவை அப்படியே இங்கே திருப்பலாம்.

பணம் எப்படி வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவழித்த பிறகு பில் காட்டி வாங்கும் வகை என்றால், குறைந்தது மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் இல்லாத அமைப்பு நடுவழியில் நின்றுவிடும். முன்பணம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். உடன்படிக்கைத் தேதிக்கு முந்தைய செலவைப் பொதுவாகத் தரமாட்டார்கள்.